நாய்வரியும் தாய்மண்ணும்

நிலத்திற்கும் நஞ்சுக்கொடிக்கும் ஒரே சொல்லை வழங்குவது நியூசிலாந்தின் மாவோரி மொழி. 'ஃபெனுவா' என்பது அச்சொல். பிறந்த குழந்தையின் நஞ்சுக்கொடியை முன்னோர் மண்ணில் புதைப்பது அம்மக்களின் மரபு. இவ்வுறவை அறிந்தாலன்றி, அவர்களுக்கும் உள்ளாட்சி மன்றங்களுக்கும் இடையே எழுந்த வரிப் பூசல்களின் உட்பொருள் விளங்காது.

1840-இல் கையெழுத்தான வைத்தாங்கி உடன்படிக்கையின் மாவோரி வடிவம், நிலத்தின்மீது தலைவர்களுக்கு உள்ள ஆளுமையை உறுதிசெய்தது. ஆயின், 1865-ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழிச் செயற்பட்ட நில நீதிமன்றம், குலத்தார் கூட்டாக ஆண்ட நிலத்தைத் தனித்தனிப் பெயர்களில் பதிவுசெய்தது. தலைமுறைதோறும் பங்காளிகள் பெருகினர், பங்கு சிறுத்தது. வரி கேட்போர்க்கு ஒரு பெயர் தேவைப்பட்டது, நிலமோ பலருடையது.

1898-இல் வடக்கே ஹோக்கியாங்கா மாவட்ட மன்றம் நாய் ஒன்றுக்கு இரண்டரை ஷில்லிங் வரி கேட்டது. வைமா ஊரினர் ஹோனே தோயியா தலைமையில் செலுத்த மறுத்தனர். இன்று நாய்க்கு வரி எனில், நாளை மனிதர்க்கும் வரி வரும் என்பது அவர்தம் அச்சம். அரசு ஏறத்தாழ 120 படைவீரரை அனுப்பியது. நாடாளுமன்ற உறுப்பினர் ஹோனே ஹெக்கே ஙாப்புவா இடைநின்று அமைதி கண்டார். உயிரிழப்பு இல்லை, ஆயினும் தோயியாவும் தோழர் சிலரும் பதினெட்டு மாதச் சிறைத்தண்டனை பெற்றனர். வரலாறு இதனை 'நாய்வரிப் போர்' எனக் குறிக்கிறது. பெயர் நகைப்பைத் தரலாம். எவருடைய சட்டம் எவர் மண்ணில் செல்லும் என்ற வினா நகைப்புக்குரியதன்று.

இருபதாம் நூற்றாண்டிலும் அவ்வினா ஓயவில்லை. சாலை எட்டாத, பயிரிடப்படாத நிலங்கள் மீதும் வரி விதிக்கப்பட்டது, நிலுவை வளர்ந்தது. வரிக்கடனின் பெயரால் பிறர் குத்தகைக்குச் சென்ற நிலங்களும் உண்டு.

2021-ஆம் ஆண்டுச் சட்டத்திருத்தம், முற்றிலும் பயன்படுத்தப்படாத மாவோரி உரிமை நிலங்களுக்கு வரிவிலக்கு அளித்தது. வசூலிக்க இயலாத நிலுவைகளைத் தள்ளுபடி செய்யவும் வழிவகுத்தது. ஹோக்கியாங்காவின் மறுப்புக்கும் இதற்கும் இடையே 123 ஆண்டுகள் கழிந்தன.

நிலத்தை வருவாய் தரும் உடைமையாக மட்டுமே கண்டது வரியேடு. நஞ்சுக்கொடி புதைந்த இடமாகக் கண்டது மக்களின் மொழி. ஏட்டில் இடம்பெறாத அவ்வுறவை ஒரு சொல் காத்து வந்துள்ளது. சொல்லைப் பேணுவோர் எண்ணிப் பார்க்கத்தக்க செய்தி இது.