சென்ட்ரல் எதிரே ஒரு நாடக மேடை

தாமல், உத்திரமேரூர் பக்கத்து நண்பர்களுக்கு நாடகம் என்றால் முதலில் நினைவுக்கு வருவது திரௌபதி அம்மன் கோயில் கூத்துதான். விடிய விடிய நடக்கும், டிக்கெட் கிடையாது. பட்டணத்து நாடகத்துக்கோ நாலு சுவரும் கூரையும் தேவைப்பட்டன. அப்படி எழுந்ததுதான் சென்ட்ரல் ஸ்டேஷன் எதிரே, ரிப்பன் கட்டடத்தின் பக்கத்தில் செங்கல் நிறத்தில் நிற்கும் விக்டோரியா ஹால். 1883-ல் விஜயநகரம் மகாராஜா அடிக்கல் நாட்டினார். வரைபடம் சிஷோம் துரை. கட்டியவர் நம்பெருமாள் செட்டியார்.

1891-ல் பல்லாரி கிருஷ்ணமாச்சார்லு குழுவினரின் தெலுங்கு நாடகத்தை அங்கே பார்த்தார் 18 வயது பம்மல் சம்பந்தம். ‘தமிழில் ஏன் இப்படி இல்லை?’ என்ற ஏக்கம் பிடித்துக்கொண்டது. அதே ஆண்டு நண்பர்களோடு சுகுண விலாச சபையைத் தொடங்கினார். நாடகக்காரன் என்றாலே முகம் சுளித்த காலத்தில், படித்தவர்கள் துணிந்து அரிதாரம் பூசினார்கள். அவர் எழுதிய ‘மனோகரா’ 1954-ல் சிவாஜி நடித்த படமானது நமக்கெல்லாம் தெரிந்ததே.

பிற்காலத்தில் ஹால் பாழடைந்து பூட்டிக் கிடந்தது. 2023-ல் சென்னை மாநகராட்சி பல கோடி ரூபாயில் புதுப்பிக்கும் பணியைத் தொடங்கியது. மிக நல்ல காரியம். ஆனால் கூரையும் சுவரும் சீரானால் வேலை பாதிதான் முடிந்தது. வாடகை மாணவர் குழுவுக்கும் கட்டுப்படியாகணும். நம்ம ஊர்க் கூத்துக்கும் அங்கே ஓர் இரவு கிடைக்கணும். நாமும் டிக்கெட் வாங்கி உட்காரணும். பார்க்க வந்த ஒரு பையனால்தானே அன்று தமிழ் நாடகமே திசை மாறியது!