வெற்றிக்கு முந்திய வரலாறு
அலெக்சாந்திரியா உயர்நிலைப் பாடசாலையும் அதன் விளையாட்டணியும்

ஒரு சமுதாயத்தின் முரண்பாடுகள் அதன் சட்டமன்றத்திலும் நீதிமன்றத்திலும் மட்டுமன்றி, பாடசாலை மைதானத்திலும் வெளிப்படுகின்றன. ஐக்கிய அமெரிக்காவின் புறநகர்களிலே அரசினர் உயர்நிலைப் பாடசாலை ஊரின் பொது மையமாக விளங்குவது வழக்கம். வெள்ளிக்கிழமை இரவுகளில் நடைபெறும் அமெரிக்க உதைபந்தாட்டப் போட்டிகளைக் காணப் பெற்றோரும் வணிகரும் அயலவரும் ஒன்றுகூடுவர். றகர் ஆட்டத்தை ஓரளவு ஒத்த இவ்வாட்டத்தில் பாடசாலை அணி பெறும் வெற்றி ஊரின் வெற்றியாகவே கொள்ளப்படும். ஆகவே, எவருடைய பிள்ளை அவ்வணியில் இடம்பெறலாம் என்னும் வினா, எவர் அவ்வூரின் முழு உரிமையுள்ள குடிமகன் என்னும் வினாவோடு பிணைந்ததாகும். வேர்ஜீனியா மாநிலத்து அலெக்சாந்திரியா நகரின் பாடசாலை வரலாறு இவ்வுண்மையைத் தெளிவுறக் காட்டுகின்றது.

பொற்றோமக் ஆற்றங்கரையில், தலைநகர் வாஷிங்டனுக்குத் தெற்கே அமைந்துள்ள இந்நகர், தலைநகரிற் பணிபுரிவோர் பலர் வாழும் புறநகராகும். இங்கு 1965இல் திறக்கப்பட்ட ரி. சி. வில்லியம்ஸ் உயர்நிலைப் பாடசாலையின் உதைபந்தாட்ட அணி 1971ஆம் ஆண்டுப் பருவத்தில் ஆடிய 13 போட்டிகளிலும் வெற்றியீட்டியது. மாநில இறுதிப் போட்டியில் அன்ட்ரூ லூயிஸ் பாடசாலை அணியை 27–0 என்னும் புள்ளிக்கணக்கில் வென்றது. கறுப்பின மாணவரும் வெள்ளையின மாணவரும் தோளோடு தோள் நின்று பெற்ற இவ்வெற்றியே பிளவுண்டிருந்த நகரை ஒன்றுபடுத்தியது என்பது பெருவழக்கான கதை. 2000ஆம் ஆண்டில் வெளிவந்த ‘றிமெம்பர் த ரைற்றன்ஸ்’ என்னும் திரைப்படம் இக்கதையை உலகெங்கும் பரப்பியது. ஆயின், விளையாட்டு ஒற்றுமையைத் தந்ததா அல்லது ஒற்றுமையை வேண்டிய நெடும் போராட்டம் அவ்விளையாட்டணியைத் தந்ததா என்பதை அறிய 1971இலிருந்து பின்னோக்கிச் செல்லல் வேண்டும்.

நிறப்பிரிவினைச் சட்டங்கள் நிலவிய காலத்தில் அலெக்சாந்திரியாவின் கறுப்பினப் பிள்ளைகளுக்கெனத் தனிப் பாடசாலைகளே இருந்தன. அவற்றுள் முக்கியமான பார்க்கர்-கிரே பாடசாலை 1920இல் திறக்கப்பட்டது. எனினும் 1930களின் தொடக்கம்வரை அங்கு உயர்நிலை வகுப்புகள் இருக்கவில்லை. மேற்கொண்டு கற்க விரும்பியோர் ஆற்றைக் கடந்து வாஷிங்டனுக்குச் செல்ல வேண்டியிருந்தது. அவ்வாறு அங்குள்ள ஆம்ஸ்ரோங் உயர்நிலைப் பாடசாலையிற் பயின்றவருள் இருவர் ஈண்டு மனங்கொளத்தக்கவர். ஒருவர், பின்னாளில் வழக்கறிஞரான சாமுவேல் ரக்கர்; மற்றவர் பெர்டினன்ட் டே. தம் சொந்த ஊர் தமக்கு மறுத்த கல்வியை வேற்றூரிற் பெற்ற இவ்விருவரும் பின்னர் அவ்வூரின் கல்வி வரலாற்றையே மாற்றும் பணியிற் பங்கு கொண்டனர்.

பார்க்கர்-கிரே பாடசாலைக்கும் பெருமைமிக்க விளையாட்டு மரபொன்று இருந்தது. 1946இல் அங்கு கல்வியை நிறைவுசெய்த ஏள் லொயிட் என்பவர் 1950 ஒக்டோபர் 31இல் அமெரிக்கத் தேசியக் கூடைப்பந்தாட்டச் சங்கப் போட்டியில் ஆடிய முதலாவது கறுப்பின வீரரானார். ஆயினும் அவர் மாணவராயிருந்த காலத்தில் தம் நகரின் வெள்ளையினப் பாடசாலையோடு ஒரு போட்டியிற்கூட மோத இயலவில்லை. பாடசாலைகளைப் போன்றே விளையாட்டுச் சங்கங்களும் நிறத்தாற் பிரிக்கப்பட்டிருந்தன. திறமை இன்மையன்று, வாய்ப்பின்மையே இம்மாணவரைப் பின்னிறுத்தியது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

இவ்வமைப்புக்கு எதிரான போராட்டம் மைதானத்திற் தொடங்கவில்லை. 1939 ஆகஸ்ட் 21இல், ரக்கரின் ஏற்பாட்டில், ஐந்து கறுப்பின இளைஞர்கள் நகரின் பொது நூலகத்தினுள் சென்று, அங்கத்துவம் மறுக்கப்பட்டதும், நூல்களை எடுத்து அமைதியாக அமர்ந்து வாசித்தனர். அதற்காகக் கைது செய்யப்பட்டனர். பதினைந்து ஆண்டுகளின் பின்னர், 1954இல், பாடசாலைகளில் நிறப்பிரிவினை அரசியலமைப்புக்கு முரணானதென உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. வேர்ஜீனியா மாநில அரசோ ‘பேரெதிர்ப்பு’ என்னும் கொள்கையை வகுத்து அதனை எதிர்த்தது. இன ஒருங்கிணைப்பை ஏற்பதினும் பாடசாலைகளை மூடுவதே மேல் என்னும் நிலைக்கு அது சென்றது. பிரின்ஸ் எட்வேட் மாவட்டத்தில் அரசினர் பாடசாலைகள் 1959 முதல் 1964வரை மூடிக் கிடந்தன.

அலெக்சாந்திரியாவில் அக்காலத்துக் கல்வி அத்தியட்சராயிருந்தவர் தோமஸ் சாம்பிளிஸ் வில்லியம்ஸ். ஒருங்கிணைப்பை வெளிப்படையாக எதிர்த்த அவர், தம் பிள்ளைகளுக்காக வழக்கிற் சேர்ந்த கறுப்பினத் தாயொருவரை, பாடசாலைச் சமையற் பணியிலிருந்து நீக்கினார். இருந்தும் நீதிமன்ற ஆணையின்படி 1959 பெப்ரவரி 10இல் ஒன்பது கறுப்பினப் பிள்ளைகள் நகரின் வெள்ளையினப் பாடசாலைகளுட் புகுந்தனர். 1965இல் பார்க்கர்-கிரே உயர்நிலைப் பாடசாலை என்னும் நிலையை இழந்தது. அதே ஆண்டில் இரு இனத்து மாணவரையும் ஏற்கும் புதிய பாடசாலை திறக்கப்பட்டது. ஒருங்கிணைப்பை எதிர்த்து நின்ற அத்தியட்சரின் பெயரே அதற்குச் சூட்டப்பட்டமை வரலாற்றின் முரண்நகைகளுள் ஒன்றாகும்.

எனினும், கதவைத் திறந்துவிடுதல் வேறு, சமநிலையை ஏற்படுத்துதல் வேறு. குடியிருப்புகள் இனவாரியாகப் பிரிந்திருந்தமையால் நகரின் மூன்று உயர்நிலைப் பாடசாலைகளிலும் இனச் சமநிலை அமையவில்லை. 1968இல், வேர்ஜீனியாவின் நியூ கென்ற் மாவட்டம் தொடர்பான வழக்கில், விருப்பத் தெரிவு மட்டும் போதாது, பிரிவினையை வேரோடு அகற்றுதல் கல்விச்சபைகளின் கடமை என உச்சநீதிமன்றம் வலியுறுத்தியது. அவ்வழக்கை வாதிட்டு வென்றவர் முன்னர்க் குறிப்பிட்ட ரக்கரேயாவர். 1970 மே மாத இறுதியில் அலெக்சாந்திரியாக் கடையொன்றில் கறுப்பின இளைஞரொருவர் வெள்ளையினப் பணியாளராற் சுட்டுக்கொல்லப்பட்டதும் நகரிற் கொந்தளிப்பு மூண்டது. மறு ஆண்டில் பெர்டினன்ட் டே நகரக் கல்விச்சபையின் தலைவரானார். வேர்ஜீனியாவில் அத்தகைய பதவிக்குத் தெரிவான முதலாவது கறுப்பினத்தவர் அவரே.

1971ஆம் ஆண்டு மறுசீரமைப்பு இப்பின்னணியிலேயே நோக்கப்படல் வேண்டும். நகரின் 11ஆம், 12ஆம் வகுப்பு மாணவர் அனைவரும் ரி. சி. வில்லியம்ஸ் பாடசாலைக்கு மாற்றப்பட்டனர். ஜோர்ஜ் வாஷிங்டன், பிரான்சிஸ் ஹமண்ட் ஆகிய ஏனைய இரண்டும் 9ஆம், 10ஆம் வகுப்புகளுக்குரியனவாயின. இதனால் மூன்று அணிகளின் வீரர்கள் ஓரணியின் இடங்களுக்காகப் போட்டியிட நேர்ந்தது. ஹமண்ட் பாடசாலையில் வெற்றிகரமான பயிற்றுநராயிருந்த வெள்ளையினத்தவரான பில் யோஸ்ற்றைத் தவிர்த்து, வட கரோலினாவிலிருந்து வந்திருந்த கறுப்பினத்தவரான ஹேர்மன் பூன் தலைமைப் பயிற்றுநராக்கப்பட்டார். மனக்கசப்பு எழுந்ததெனினும் யோஸ்ற் துணைப் பயிற்றுநராகப் பணியாற்ற இசைந்தார். ஆகஸ்டில் கெற்றிஸ்பேக் கல்லூரியில் நடந்த பயிற்சி முகாமில் இரு இனத்து இளைஞரும் ஒருங்கே தங்கிப் பழகினர்.

இவ்விளைஞரின் உழைப்பும் நட்பும் போற்றுதற்குரியன என்பதில் ஐயமில்லை. ஆயினும் வெற்றிக்கான காரணங்களை ஆராயுமிடத்து எளிய உண்மையொன்று புலனாகும். மூன்று பாடசாலைகளின் மூத்த வீரரைக் கொண்ட ஓரணி, ஒவ்வொரு பாடசாலையினின்றும் வந்த எதிரணிகளைச் சந்தித்தது. அதாவது, வெற்றி ஒருங்கிணைப்பை உண்டாக்கவில்லை. ஒருங்கிணைப்பே வெற்றியை உண்டாக்கிற்று. திரைப்படமோ இவ்வரிசையைத் தலைகீழாக்கிவிட்டது. 1965 முதலே இரு இனத்தவரும் பயின்ற பாடசாலையை அது 1971இற்றான் ஒருங்கிணைந்ததுபோற் காட்டுகின்றது. எளிதாக வென்ற இறுதிப் போட்டியை ஈற்றுக் கணத்தில் வென்றதாகச் சித்திரிக்கின்றது. நூலகத்தில் அமர்ந்தவர்க்கும், வேலை இழந்த தாய்க்கும், வழக்காடியவர்க்கும் அக்கதையில் இடமில்லை.

அக்கதையில் இடம்பெறாத பிறிதொரு சாராரும் உளர். ‘நகரை ஒன்றுபடுத்திய’ அணி ஆண்பிள்ளைகளின் அணியே. 1971–72இல் அமெரிக்க உயர்நிலைப் பாடசாலை விளையாட்டுகளிற் பங்குபற்றிய ஆண்கள் ஏறத்தாழ 36 இலட்சத்து 67 ஆயிரம் பேர். பெண்களோ மூன்று இலட்சத்திலும் குறைவு. 1972இல் நிறைவேறிய கல்விச் சட்டத் திருத்தத்தின் பின்னரே இந்நிலை மாறத் தொடங்கியது. இங்கும் சட்டமே மைதானத்தின் கதவைத் திறந்தது.

தொகுத்து நோக்குமிடத்து, விளையாட்டு தானாகவே அநீதியைக் களைவதில்லை. சட்டமும் மக்கள் போராட்டமும் சமைத்த வாய்ப்பைக் கண்முன்னே நிகழ்த்திக் காட்டுவதே அதன் ஆற்றலாகும். அவ்வாற்றல் சிறிதன்று. ஆனால் ஒரு பருவத்தின் வெற்றி, அதற்கு முந்திய முப்பதாண்டுக்கும் மேற்பட்ட போராட்டத்தை மறைக்குமாயின் நினைவு வரலாற்றுக்குப் பகையாகிவிடும். அலெக்சாந்திரியா மக்கள் இதனைக் காலந்தாழ்த்தியேனும் உணர்ந்தனர். 2007இல் பாடசாலையின் கூடைப்பந்தாட்டத் தளத்துக்கு ஏள் லொயிட்டின் பெயர் இடப்பட்டது. 2018இல் பெர்டினன்ட் டேயின் பெயரால் ஆரம்பப் பாடசாலையொன்று திறக்கப்பட்டது. 2021இல் வில்லியம்சின் பெயர் நீக்கப்பட்டு, அப்பாடசாலை ‘அலெக்சாந்திரியா நகர உயர்நிலைப் பாடசாலை’ ஆயிற்று. மைதானத்தில் 13 வெற்றிகளை ஈட்ட ஒரு பருவம் போதுமாயிருந்தது. பாடசாலையின் வாயிலிலிருந்து ஒரு பெயரை அகற்ற 56 ஆண்டுகள் தேவைப்பட்டன.