முத்திரையும் கைத்தடமும்: நீலகிரியில் ஆர்ட் டெகோ வெள்ளி சேகரிப்பு குறித்து

ஊட்டி கிளப் 1841இல் தொடங்கியது. தென்னிந்தியத் தோட்ட அதிபர்களின் சங்கமான உபாசி 1893இல் உருவாகிப் பின்னர் குன்னூரைத் தலைமையிடமாகக் கொண்டது. தோட்டத் துரைமாரின் அந்த வாழ்வில் வெள்ளித் தேநீர்ப் பாத்திரத்துக்கும் பரிசுக் கோப்பைக்கும் இடமிருந்தது. அவற்றுள் 1920, 30களைச் சேர்ந்த ஆர்ட் டெகோ வெள்ளியைத் தேடுவோர் முதலில் பார்ப்பது அடிப்பக்க முத்திரையை. கைவேலைக்கு அம்முத்திரையைச் சான்றாகக் கொள்வது தவறு என்பதே இக்கட்டுரையின் வாதம்.

பிரிட்டிஷ் முத்திரை சொல்பவை நான்கு. நடக்கும் சிங்கம் 92.5 விழுக்காடு தூய்மையைக் குறிக்கும். சோதனைச்சாலை இருந்த ஊரை, சிறுத்தைத் தலை லண்டன் என்றும், நங்கூரம் பர்மிங்ஹாம் என்றும், கிரீடம் அன்றைய ஷெஃபீல்டு என்றும் காட்டும். எழுத்து ஆண்டைச் சொல்லும். பெயர் முதலெழுத்துகள் பொருளைச் சோதனைக்கு அளித்தவருடையவை. சுத்தியல் பிடித்தவர் வேறொருவராக இருக்கலாம். ஆங்கில வெள்ளிக் கைவினைஞர் ஓமர் ராம்ஸ்டென் (1873–1939) இதற்கு உதாரணம். 'ஓமர் ராம்ஸ்டென் என்னைச் செய்தார்' என்ற பொருளில் அவர் பாத்திரங்களில் லத்தீன் வாசகம் பொறிக்கப்பட்டது. ஆனால் அவற்றுள் பெரும்பாலானவற்றைச் செய்தவர்கள் அவரது பட்டறைத் தொழிலாளர்கள்.

முத்திரை இல்லாவிட்டால் போலியை எப்படித் தவிர்ப்பது என்று கேட்கலாம். தூய்மைக்கும் காலத்துக்கும் அது நம்பகமான சான்றுதான். கைவேலைக்கான சான்று உலோகத்திலேயே இருக்கிறது. தட்டி எழுப்பிய பாத்திரத்தில் சுவரின் கனம் சற்றே மாறும். அடி மையத்தில் கவராயம் ஊன்றிய புள்ளி பெரும்பாலும் எஞ்சியிருக்கும். சுழலும் அச்சின் மீது தகட்டை அழுத்திச் செய்ததில் உட்புறம் நுண்வளையங்கள் தெரியும். வெளிப்புறச் சுத்தியல் தழும்பை மட்டும் நம்ப முடியாது; இயந்திரத்தில் செய்த பண்டத்திலும் ஆலைகள் அதை அழகுக்காகப் பதித்தன.

முத்திரையையே அளவுகோலாக்கினால் இந்நாட்டுக் கைகள் கணக்கில் வராமல் போகும். சென்னை மவுண்ட் ரோட்டின் பி. ஆர் அண்ட் சன்ஸ் விற்ற, தெய்வ உருவங்கள் புடைத்த 'சுவாமி' வெள்ளியில் நிறுவனத்தின் பெயர் இருக்கிறது. செதுக்கிய ஆசாரியின் பெயர் இல்லை. நீலகிரியின் ஏழு ஊர்களில் வாழும் பழங்குடியினரான கோத்தர்கள் கொல்லு, தச்சு, மட்பாண்டத்தோடு வெள்ளிவேலையும் செய்தவர்கள் என்பதை 19ஆம் நூற்றாண்டு இனவரைவியல் நூல்கள் பதிவு செய்துள்ளன. அவர்கள் வேலைக்குச் சோதனைச்சாலை முத்திரை ஏது? ராம்ஸ்டெனின் தொழிலாளி, சென்னை ஆசாரி, கோத்தர் ஆகிய மூவரையும் ஒரே அளவுகோலால் ஆராய உதவுவது கைத்தடம் மட்டுமே.

உலோகத்தில் உள்ள தடமே சான்று என்பது பரிசுக் கோப்பையில் வெட்டிய வாசகத்துக்கும் பொருந்தும். போட்டி, ஆண்டு, வென்றவர் ஆகியவற்றைச் சொல்லும் அது மலையின் சமூக வரலாற்று ஆவணம். அதைத் தேய்த்து அழித்தால் தகடும் மெலியும், சான்றும் போகும். எனவே கிளப்புகளும் சேகரிப்பாளர்களும் ஒவ்வொரு பொருளுக்கும் எடை, அடிப்பக்க, உட்புறப் படங்கள், வாசகம், கைமாறிய வரலாறு ஆகியவற்றைப் பதிவேட்டில் ஏற்ற வேண்டும். விலைமதிப்பு அதன் பிறகு வரட்டும்.