சாலைச் சுங்கம்

சாலையையோ பாலத்தையோ கடந்து செல்வோரிடம் வழியிலேயே பெறப்படும் கட்டணம் சாலைச் சுங்கம் எனப்படும். உல்கு என்பது இதன் பழம்பெயர். வரிப்பணத்தில் போடப்பட்டு எவரும் கட்டணமின்றிச் செல்லும் சாலை பொதுச்சாலை. செல்பவரே செலவை ஈடுகட்டும் சாலை சுங்கச்சாலை.

பண்டைக் காலம்

அரசனுக்குரிய மூவகைப் பொருள்களுள் ஒன்றாக உல்குபொருளைத் திருக்குறள் எண்ணுகிறது. உல்கு வாங்கிய சாலையையே கண்முன் நிறுத்துவது, கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பெரும்பாணாற்றுப்படை. அதில் மிளகுப் பொதி சுமந்த கழுதைகள் வணிகச் சாத்தோடு வருகின்றன. பொதிகள் பலாப்பழம்போல் பருத்தவை. இருபுறமும் எடை ஒத்தவை. கழுதைகளின் முதுகு தழும்பேறியிருக்கிறது, காதுகள் நிமிர்ந்திருக்கின்றன. பெருவழி பிரியும் இடத்தில் வில்வீரர் காவல் நிற்கின்றனர். உல்கு கொடுத்த வணிகருக்கு அந்தக் காவலே கைம்மாறு. இதே புலவரின் பட்டினப்பாலை, காவிரிப்பூம்பட்டினத்துத் துறையில் உல்கு வாங்கும்போது பண்டங்களின்மேல் சோழரின் புலிப்பொறி இடப்பட்டதைக் கூறுகிறது.

இடைக்காலம்

முதலாம் குலோத்துங்கன் (1070–1120) ‘சுங்கம் தவிர்த்த சோழன்’ எனப் புகழப்பட்டான். வாங்கியதைவிட விட்டுக்கொடுத்ததற்காக ஓர் அரசன் நினைக்கப்படுவது பெருமைக்குரியது. பெருவழியில் செல்வோருக்குத் தொலைவும் காட்டப்பட்டது: தருமபுரிப் பகுதியில் கிடைத்த அதியமான் பெருவழிக் கல், நாவல்தாவளம் என்னும் ஊர் 29 காதத் தொலைவு என எழுத்தில் சொல்வதோடு, எழுத்தறியாதவருக்காக இரண்டு பெரிய குழிகளும் ஒன்பது சிறிய குழிகளும் கொண்டுள்ளது. வழிப்போக்கரை மதித்த ஆட்சிக்கு அக்கல்லே சான்று.

பிறநாடு

இங்கிலாந்தில் 1663-இல் சட்டப்படி சுங்கச்சாலை முறை தொடங்கியது. சுங்கச்சாவடிகள் வேல்ஸிலும் பெருகியபோது, அங்குள்ள உழவர்கள் 1839 முதல் 1843 வரை பெண்வேடமிட்டு அவற்றை உடைத்தெறிந்தனர்.

தற்காலம்

இந்தியாவில் சுங்கச் சட்டம் 1851-இல் வந்தது. சாலை மேம்பாட்டை ஆராய 1927-இல் அமைந்த ஜெயகர் குழு, சாலைக்காகப் பெட்ரோல்மீது கூடுதல் வரி விதிக்கப் பரிந்துரைத்தது. அதன்படி 1929-இல் மத்தியச் சாலை நிதி பிறந்தது. அதிக தூரம் ஓட்டுபவர் அதிக எரிபொருள் வாங்குவார் என்பதால், பயன்பாட்டுக்கேற்பப் பணம் பெறும் நேர்மையான வழி எரிபொருள் வரியே; வழிமறிக்கும் சாவடியும் வேண்டியதில்லை. மத்தியச் சாலை நிதிச் சட்டம் (2000) இவ்வழியை மேலும் உறுதிப்படுத்தியது. அதன்பின்னும் நெடுஞ்சாலைச் சாவடியில் பணம் பெறுவது, ஒரே சாலைக்கு இருமுறை வாங்குவதாகும். லாரி கட்டும் சுங்கம் சரக்கின் வாடகையில் ஏறுவதால், வண்டியே இல்லாதவரும் காய்கறி விலையில் அதைச் செலுத்துகிறார்.

2008-ஆம் ஆண்டின் தேசிய நெடுஞ்சாலைக் கட்டண விதிகள் சாவடியில் பெறும் பணத்தைக் கட்டணம் என்றே குறிக்கின்றன. கட்டணம் என்றால் கைம்மாறு உண்டு. குண்டும் குழியுமான சாலைக்குக் கேட்பது கட்டணம் ஆகாது. இவ்விதிகளில் இருசக்கர வாகனங்களுக்கு விலக்கு உண்டு. மின்னணு முறையில் கட்டணம் செலுத்த வண்டியில் ஒட்டப்படும் ஃபாஸ்டாக் வில்லை 2021 முதல் கட்டாயம்.