நட்டவர் பார்க்காத காய்

கடல் தேங்காய்னு ஒரு மரம். நம்ம பனைக்குச் சொந்தக்காரன். சேஷெல்ஸ் நாட்டில் பிராலின், கியூரியூஸ் என்ற 2 தீவுகளில்தான் தானாக வளரும். காய் மட்டும் மாலத்தீவுக் கரையில் ஒதுங்கியதால், மரம் கடலுக்கடியில் இருக்குன்னு ஜனங்க நம்பினாங்க. 1768இல் பிரெஞ்சுக்காரர்கள் பிராலினில் மரத்தையே பார்த்தபிறகுதான் விஷயம் வெளியே வந்தது.

இதை முளைக்க வைப்பது லேசில்லை. பனங்கொட்டை மாதிரியே முளை முதலில் மண்ணுக்குள்ளே இறங்கும். ஆனா சில மீட்டர் தூரம் ஓடும். சின்னத் தொட்டி பத்தாது. மண்ணில் சூடும் ஈரமும் வேணும். அதனால குளிர் நாடான இங்கிலாந்தில், கியூ தோட்டத்தில், கண்ணாடி வீட்டுக்குள்ளே சூடு கொடுத்து வளர்க்கிறார்கள்.

கல்கத்தா பக்கம் ஹவுரா தாவரவியல் தோட்டத்தில் 1894இல் ஒன்று நட்டார்கள். திறந்த வெளியிலேயே நின்னு வளர்ந்துச்சு. பூக்கவே கிட்டத்தட்ட நூறு வருஷம். பூத்தப்ப பார்த்தா பெண் மரம். பனை போலவே இதிலும் ஆண் வேறு, பெண் வேறு. துணைக்கு ஆண் மரம் அங்கே இல்லை. தாய்லாந்திலிருந்து மகரந்தம் கொண்டுவந்து 2013இல் தூவினபிறகுதான் காய் பிடிச்சுது.

தென்னை வச்சவன் தின்னுட்டுச் சாவான், பனை வச்சவன் பார்த்துட்டுச் சாவான்னு நம்ம ஊர்ல சொல்வாங்க. ஹவுராவில் வச்சவருக்கு அந்தப் பார்க்கிற பாக்கியமும் இல்லை. அப்படியும் வச்சாரே, அதுதான் பெரிசு.