நூலகமும் நம் மக்களும் : எல்லைப் பகுதியிலிருந்து ஒரு வரலாற்று நோக்கு

திருவள்ளூர் மாவட்டத்தின் வடமேற்குக் கோடியில், ஆந்திர எல்லையைத் தொட்டுக்கொண்டு அமைந்திருப்பது பள்ளிப்பட்டு வட்டம். 1953-ஆம் ஆண்டு அக்டோபர் முதல் நாள் ஆந்திர மாநிலம் தனியே பிரிந்தபோது, இப்பகுதி சித்தூர் மாவட்டத்தோடு சேர்ந்து அம்மாநிலத்திற்குச் சென்றது. வடக்கெல்லைப் போராட்டத்தின் பயனாகவும், படாஸ்கர் அளித்த தீர்ப்பின்படியும், 1960-ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள் திருத்தணியும் பள்ளிப்பட்டும் தமிழகத்தோடு இணைந்தன. சத்தியவேடு ஆந்திரத்திற்குச் சென்றது. வரைபடத்தின் கோடு இருமுறை இடம் மாறிற்று. வீட்டில் தெலுங்கும், பள்ளியில் தமிழும், சந்தையில் இரண்டும் பேசுகின்ற குடும்பங்கள் இன்றும் நம் ஊர்களில் உள்ளன. நம் சேரிகளிலும் அவ்வாறே.

இத்தகைய பகுதியில் ஒரு நூலகம் யாருக்கு உரியது? 'எல்லோருக்கும்' என்று விடை கூறுதல் எளிது. அவ்விடை மெய்யாக வேண்டுமாயின் நான்கு வாயில்கள் திறக்கப்படல் வேண்டும். நூலகத்தின் கதவு திறத்தல் முதலாவது. அதன் அலமாரியில் நம் மக்கள் எழுதிய நூல்கள் இடம்பெறுதல் இரண்டாவது. அட்டவணையில் அந்நூல்கள் உரிய இடத்தில் உரிய பெயரோடு பதியப்பெறுதல் மூன்றாவது. வாசகரின் தாய்மொழி அங்கு மதிக்கப்பெறுதல் நான்காவது. முதல் வாயில் திறந்ததைக் கண்டு மற்ற மூன்றையும் நாம் மறந்துவிட்டோம் என்பதே இக்கட்டுரையில் யாம் கூற விழைவது.

கதவு

சீர்காழியில் பிறந்த எஸ். ஆர். அரங்கநாதன் 1924-ஆம் ஆண்டு சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகரானார். 1931-இல் அவர் நூலக அறிவியலின் ஐந்து விதிகளை நூலாக வெளியிட்டார். நூல்கள் பயன்படுத்துவதற்கே என்பது முதல் விதி. ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்குரிய நூல் என்பது இரண்டாம் விதி. ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகர் என்பது மூன்றாம் விதி. அதே ஆண்டு அக்டோபரில், மன்னார்குடியை அடுத்த மேலவாசலில் கனகசபைப் பிள்ளை என்பார் அமைத்த மாட்டு வண்டி நூலகத்தை அரங்கநாதன் தொடங்கிவைத்தார். வாசகர் நூலைத் தேடி வரும் வரை காத்திராது, நூலே வாசகரைத் தேடிச் செல்லும் வழி அன்று பிறந்தது.

1948-ஆம் ஆண்டு நிறைவேறிய சென்னைப் பொது நூலகச் சட்டம், விடுதலை பெற்ற இந்தியாவின் முதலாவது நூலகச் சட்டமாகும். அப்பொழுது நம் பகுதியும் சென்னை மாகாணத்திலேயே இருந்தது. இச்சட்டத்தின்படி சொத்து வரியோடு நூலக வரியும் சேர்த்துத் தண்டப்படுகிறது. ஆகவே, சேரியில் சிறு ஓட்டு வீட்டிற்கு வரி கட்டும் உழவுத் தொழிலாளியும் நூலகத்தின் பங்குதாரரே ஆவார். அவர் நூலகத்திற்குள் நுழைவது யாரும் இடும் பிச்சையன்று. அவர் பணம் செலுத்திப் பெற்ற உரிமை.

எனினும், சட்டம் திறந்த கதவை வழக்கம் அடைத்துவைத்த காலம் ஒன்று இருந்தது. பொதுத் தெரு, பொதுக் கிணறு, குளம், அலுவலகம் ஆகியவற்றைத் தாழ்த்தப்பட்ட மக்கள் பயன்படுத்தத் தடையில்லை என்பதற்கே 1924-ஆம் ஆண்டு சென்னைச் சட்டசபையில் இரட்டைமலை சீனிவாசன் தீர்மானம் கொண்டுவர வேண்டியிருந்தது. தெருவில் நடக்கவே தீர்மானம் வேண்டியிருந்த நாட்டில், அத்தெருவிலுள்ள வாசகசாலைத் திண்ணையில் அமர்ந்து படிப்பது எத்துணை அரிதாயிருந்திருக்கும்! நம்முள் மூத்தோர் இதனை அறிவர்.

அலமாரி

கதவைக் கடந்து உள்ளே சென்ற நம் சிறுவன் அலமாரியில் எதைக் கண்டான்? மன்னர்களின் வரலாற்றைக் கண்டான். புலவர்களின் வரலாற்றைக் கண்டான். தன் பாட்டனின் வரலாற்றைக் காணவில்லை. ஆகவே, நம்மவர் எழுதவே இல்லை போலும் என்று எண்ணினான். இவ்வெண்ணம் முற்றிலும் தவறானது.

தமிழகத்தில் தாழ்த்தப்பட்டோர் நடத்திய இதழ்களின் வரிசை 1869-ஆம் ஆண்டின் 'சூரியோதயம்' முதல் தொடங்குகிறது. 1871-இல் 'பஞ்சமன்' வெளிவந்தது. 1885-இல் 'திராவிடப் பாண்டியன்' தோன்றியது. 1893-ஆம் ஆண்டு அக்டோபரில் இரட்டைமலை சீனிவாசன் 'பறையன்' என்னும் பெயரையே தலைப்பாக்கி இதழ் தொடங்கினார். இழிவாகச் சொல்லப்பட்ட பெயரை நிமிர்ந்து நின்று தாமே சொல்லும் துணிவு அது. முதல் இதழில் சுமார் 400 பிரதிகள் இரண்டே நாளில் சென்னையில் விற்றன என்று 1939-இல் வெளியான தம் 'ஜீவிய சரித்திர சுருக்க'த்தில் அவர் குறிப்பிடுகிறார். 1907-ஆம் ஆண்டு சூன் 19-ஆம் நாள், புதன்கிழமை, அயோத்திதாசப் பண்டிதர் இராயப்பேட்டையிலிருந்து 'ஒரு பைசாத் தமிழன்' இதழை வெளியிட்டார். ஓராண்டிற்குப் பின் அது 'தமிழன்' எனப் பெயர் பெற்று, 1914-இல் அவர் மறையும் வரை அவர் கையாலேயே நடைபெற்றது.

இவ்விதழ்களின் பின்னை வரலாறு நெஞ்சை உறுத்துவது. 'சூரியோதயம்', 'பஞ்சமன்' ஆகியவற்றின் பெயர்கள் எஞ்சினவே அன்றித் தாள்கள் நம் கைக்கு எட்டவில்லை. வேறு பல இதழ்களையும், அரசினர் அந்நாளில் கண்காணிப்பிற்காகத் தொகுத்த சுதேச இதழ் அறிக்கைகளின் வாயிலாகவே அறிகிறோம். நம் குரலை நாம் காக்கத் தவறியபோது, நம்மை வேவு பார்த்தவரின் ஏடு அதனைக் காத்தது என்பது எத்தகைய முரண்!

'தமிழன்' தப்பிப் பிழைத்ததற்குக் காரணம் பெரிய நூலகம் எதுவுமன்று. கோலார் தங்கவயலில் சுரங்கத் தொழிலாளராய் வாழ்ந்த தமிழ்ப் பௌத்தரும், சென்னை அன்பு பொன்னோவியம் போன்ற அன்பரும் பழைய இதழ்க் கட்டுகளைத் தம் வீடுகளில் பேணினர். அவ்வாறு எஞ்சியவற்றைக் கொண்டே ஞான. அலாய்சியஸ் தொகுத்த 'அயோத்திதாசர் சிந்தனைகள்', 1999-ஆம் ஆண்டு பாளையங்கோட்டைத் தூய சவேரியார் கல்லூரியின் நாட்டார் வழக்காற்றியல் ஆய்வு மையத்தால் வெளியிடப்பெற்றது. பண்டிதர் மறைந்ததற்கும் இத்தொகுதிகள் வெளிவந்ததற்கும் இடையே 85 ஆண்டுகள் கழிந்தன. மூன்று தலைமுறை மாணவர் அவரை அறியாமலே பள்ளியை விட்டு வெளியேறினர்.

நம் வீடுகள் ஏடுகளைக் காத்தமை அதற்கும் முற்பட்டது. தம் பாட்டனார் கந்தப்பன், ஆரிங்டன் துரையிடம் சமையற் பணி புரிந்தவர் என்றும், வீட்டிலிருந்த திருக்குறள் ஓலைச்சுவடியை அத்துரை வழியாக எல்லீசுக்கு அளித்தவர் என்றும் அயோத்திதாசர் எழுதியுள்ளார். தமிழுலகம் போற்றும் நூலொன்று சமையற்காரர் வீட்டுப் பரணில் காக்கப்பெற்றிருந்தது என்பதை நம் பிள்ளைகள் அறிதல் வேண்டும்.

அட்டவணை

நூல் அலமாரிக்கு வந்துவிட்டது எனக் கொள்வோம். அதனை எங்கு வைப்பது? இது சிறு வினா எனத் தோன்றும். ஆயின் நூலகரின் எண்ணே வாசகரின் வழி. தவறான எண் பெற்ற நூல் தொலைந்த நூலுக்கு ஒப்பாகும்.

1876-இல் அமெரிக்கர் தூயி வகுத்த பகுப்பு முறையில் அறிவுத்துறைகள் அனைத்தும் பத்துப் பெரும் பிரிவுகளாயின. சமயத்திற்கு 200 முதல் 299 வரை எண்கள் ஒதுக்கப்பட்டன. அவற்றுள் பெரும்பகுதி கிறித்தவத்திற்கே உரியதாயிற்று. பௌத்தம் உள்ளிட்ட பிற சமயங்கள் யாவும் 290 என்னும் ஒரே பகுதிக்குள் அடைக்கப்பட்டன. வகுத்தவர் எங்கு நின்று உலகைக் கண்டார் என்பதை எண்களே காட்டிக்கொடுக்கின்றன.

இதனை எதிர்த்து நின்ற ஒருவரின் வரலாறு நமக்குப் பாடமாகும். அமெரிக்கத் தலைநகர் வாசிங்டனில், கறுப்பின மக்களின் கல்விக்கெனத் தோன்றிய ஹோவர்டு பல்கலைக்கழகத்தில் 1930 முதல் 1973 வரை அம்மக்களின் நூல் தொகுப்பைக் காத்தவர் டோரதி போர்ட்டர் என்னும் கறுப்பினப் பெண்மணி. அந்நாளைய நூலகங்கள் கறுப்பினத்தவர் எழுதிய எந்நூலையும், அது கவிதையாயினும், குடியேற்றத்திற்குரிய 325, அடிமைமுறைக்குரிய 326 ஆகிய இரு எண்களுக்குள்ளேயே வைத்தன. போர்ட்டர் அதனை ஏற்கவில்லை. கவிதையைக் கவிதையோடும், வரலாற்றை வரலாற்றோடும், இசையை இசையோடும் வைத்தார்.

நம் நூல்களுக்கும் இதுவே நேர்கிறது. 'இந்திரர் தேச சரித்திரம்' அயோத்திதாசர் எழுதிய வரலாற்று நூல். அதனைச் 'சாதி' என்னும் ஒரே தலைப்பின்கீழ் வைத்தால், வரலாறு தேடி வரும் மாணவன் அதனைக் காண மாட்டான். தாழ்த்தப்பட்டவர் எழுதிய மருத்துவ நூல் மருத்துவத்தோடும், நாவல் நாவலோடும் இருத்தல் வேண்டும். தனி அலமாரி ஒன்று வைத்து அம்பேத்கர் படத்தை மாட்டிவிடுவதால் மட்டும் கடமை முடிந்துவிடாது. ஊருக்கு வெளியே சேரி இருந்தது போல நூலகத்திற்குள்ளும் ஒரு சேரி உண்டாகிவிடலாகாது.

மொழி

எல்லைப் பகுதியில் வாழும் நமக்கு இதில் மேலும் ஒரு பொறுப்பு உண்டு. தெலுங்கு நாட்டிலும் நம்மையொத்த மக்கள் எழுச்சி பெற்றனர். 1917-ஆம் ஆண்டு விசயவாடாவில், பாக்கியரெட்டி வர்மா தலைமையில் கூடிய மாநாடு 'பஞ்சமர்' என்னும் பெயரைத் தள்ளி 'ஆதி ஆந்திரர்' என்னும் பெயரை ஏற்றது. சென்னை அரசு ஆவணங்களில் 'ஆதிதிராவிடர்' என்னும் பெயர் இடம்பெற்றது 1922-இல். இருமொழி மக்களும் ஏறக்குறைய ஒரே காலத்தில் தம் பெயரைத் தாமே தேர்ந்தனர். குர்ரம் ஜாஷுவா 1941-இல் 'கப்பிலம்' என்னும் காவியத்தை இயற்றினார். காளிதாசன் மேகத்தைத் தூது விட்டான். கோயிலுக்குள் நுழைய இயலாத தாழ்த்தப்பட்டவனோ, தடையின்றி நுழையும் வௌவாலைச் சிவனிடம் தூது விடுகிறான். இக்காவியம் தெலுங்கிலும், அதன் பொருள் தமிழிலும் நம் வட்டத்து நூலகங்களில் இருந்தால் இருமொழிப் பிள்ளைகளும் ஒருவரையொருவர் அறிவர்.

நூலகப் பணியிலும் தெலுங்கர் நமக்கு முன்னோடிகளே. ஆந்திர தேச நூலகச் சங்கம் 1914-இல் தோன்றியது. 1935-இல் கால்வாயில் படகு நூலகம் ஓடியது. மன்னார்குடி வண்டியும் கிருஷ்ணா ஆற்றுப் பாசனக் கால்வாய்ப் படகும் ஒரே நோக்கத்தின் இரு வடிவங்கள்.

இன்று இம்மாவட்டத்தின் கிழக்குக் கோடியை நோக்கின் வேறொரு காட்சி புலப்படும். கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் வடமாநிலத் தொழிலாளர் உழைக்கின்றனர். இந்தியும் ஒடியாவும் வங்கமும் அங்குக் கேட்கின்றன. இலங்கைத் தமிழர் முகாமும் அவ்வூரில் உள்ளது. முன்பு நாம் நின்ற வாயிலில் இன்று அவர்கள் நிற்கின்றனர். நமக்கு நேர்ந்தது பிறர்க்கு நேராமற் காத்தலே நம் போராட்டத்தின் பொருள். அவர்தம் பிள்ளைகளுக்குத் தாய்மொழியில் நான்கு நூல்களேனும் நூலகத்தில் இருத்தல் வேண்டும் என்று முதற்குரல் நம்மிடமிருந்து எழுதல் தகும்.

நம் கடமை

நூலகரை மட்டும் குறை கூறுதல் நன்றன்று. தம் மேசைக்கு வராத நூலை அவர் அலமாரியில் வைக்க இயலாது. நாம் அச்சிடும் துண்டு வெளியீடுகள், மாநாட்டு மலர்கள், நினைவு மலர்கள் யாவும் விழா முடிந்ததும் எங்குச் செல்கின்றன? மழையில் நனைந்தும், கடையில் பொட்டலமாகியும் மறைகின்றன. 1917-ஆம் ஆண்டு இலண்டனிலிருந்து திரும்பிய அம்பேத்கர், தம் நூல்களை வேறொரு கப்பலில் அனுப்பினார். அக்கப்பல் போரில் மூழ்கடிக்கப்பட்டது. அவர் மனம் தளரவில்லை. மீண்டும் சேர்த்தார், மும்பைத் தாதரில் நூல்களுக்கென்றே இடம் வகுத்து 'ராஜகிருகம்' என்னும் இல்லத்தைக் கட்டினார். ஒரே இடத்தில் ஒரே பிரதி இருப்பின் அஃது எப்பொழுதும் ஆபத்திலேயே உள்ளது என்பதை இந்நிகழ்ச்சி நமக்கு உணர்த்துகிறது.

1954-ஆம் ஆண்டின் நூல் வழங்கல் சட்டப்படி, இந்நாட்டில் வெளியாகும் ஒவ்வொரு நூலின் பிரதியும் கொல்கத்தா தேசிய நூலகத்திற்கும், 1896-இல் திறக்கப்பெற்ற சென்னைக் கன்னிமாரா நூலகத்திற்கும், மும்பை, தில்லி நூலகங்களுக்கும் அனுப்பப்பெறல் வேண்டும். 'சூரியோதயம்' நடத்தியவருக்கு இத்தகைய வாய்ப்பு இருந்ததில்லை. நமக்கு உண்டு.

ஆகவே, அன்பர்களுக்கு யாம் விடுக்கும் வேண்டுகோள் இது. உங்கள் வீட்டுப் பரணிலும் பெட்டியிலும் உள்ள பழைய இதழ், மலர், மனு நகல், பள்ளிப் பதிவேட்டுப் படி, பாட்டனார் கைப்பட எழுதிய கணக்கேடு எதுவாயினும், தமிழாயினும் தெலுங்காயினும், எறிந்துவிடாதீர். நம் சங்கப் படிப்பகத்திற்குக் கொணர்ந்து காட்டுவீர்; படியெடுத்தபின் மூலத்தை உங்களிடமே திருப்பி அளிப்போம். முதியோர் சொல்வதை இளைஞர் எழுதி வைப்பீராக.

இவ்வெள்ளி விழா மலரின் பிரதிகளைக் கன்னிமாராவிற்கும், திருவள்ளூர் மாவட்ட மைய நூலகத்திற்கும், பள்ளிப்பட்டு வட்டத்து நூலகங்களுக்கும் அனுப்புவதை இவ்விழாவின் முதற்பணியாகக் கொள்வோம். நூறாண்டு கழித்து நம் வரலாற்றைத் தேடி வரும் ஒரு மாணவி, பிறர் எழுதிய கண்காணிப்பு அறிக்கையில் நம் பெயரைக் காணும் நிலை வேண்டா. நாமே எழுதிய ஏட்டில் காணட்டும்.