விருந்தினர் வராத அரங்கம்: வன்முறையும் கிரிக்கெட் ரசனையும்

பயங்கரவாதம் விளையாட்டுக்குச் செய்யும் கேட்டை உயிரிழப்பைக் கொண்டும் ரத்தான தொடர்களைக் கொண்டுமே பெரும்பாலும் அளக்கிறோம். ரசிகனின் இழப்பு இந்தக் கணக்கில் வருவதில்லை. கிரிக்கெட்டில் அந்த இழப்புக்கு இரண்டு நிலைகள் உண்டு. முதலில் ஆட்டத்தைப் பார்ப்பதற்கு வேண்டிய மன அமைதி போகிறது. பிறகு, ஒரு நாட்டு மக்கள் தம் அணியைத் தம் மண்ணில் பார்க்கும் வாய்ப்பே பறிபோகிறது. முதல் இழப்புக்குத் துப்பாக்கி ஏந்தியவர்களே முழுப் பொறுப்பு. இரண்டாவது இழப்பு எந்த நாட்டின் தலையில் எத்தனை ஆண்டுகள் விழ வேண்டும் என்பதில் கிரிக்கெட் வாரியங்களின் முடிவுகளுக்கும் பங்கு இருக்கிறது என்பதே இக்கட்டுரையின் வாதம். 2009-க்குப் பிந்தைய பாகிஸ்தானே இதற்கு முதன்மைச் சான்று.

டெஸ்ட் ஆட்டம் ஐந்து நாள் நீள்வது. உணவு இடைவேளை, தேநீர் இடைவேளை, ரன்னே வராத ஓவர்கள், மேகம் பார்த்துக் காத்திருக்கும் நேரம் எல்லாம் சேர்ந்ததுதான் அதன் சுவை. அவசரமில்லாத மனத்துக்கே அது பிடிபடும். அந்த நீளமே அதன் பலவீனமும் ஆகிறது. ஓர் அணி ஒரே நகரில் பல நாள் தங்கி, தினமும் ஏறத்தாழ ஒரே நேரத்தில் விடுதியிலிருந்து அரங்கத்துக்குப் போகிறது. 2002 மே 8 அன்று கராச்சியில் நியூசிலாந்து அணி தங்கியிருந்த விடுதிக்கு வெளியே குண்டு வெடித்து 11 பிரெஞ்சுக் கடற்படைப் பொறியாளர்கள் உள்ளிட்டோர் மாண்டனர். அணி அன்றே தொடரை முடித்துக்கொண்டது. 2019 மார்ச் 15 அன்று கிறைஸ்ட்சர்ச்சில் வங்கதேச வீரர்கள் வெள்ளிக்கிழமைத் தொழுகைக்காகப் பள்ளிவாசலை நெருங்கிய வேளையில் உள்ளே துப்பாக்கிச் சூடு நடந்துகொண்டிருந்தது. இரண்டிலும் ஆடுகளத்தின் மீது ஒரு கல்கூட விழவில்லை. ஆட்டம் மட்டும் நின்றுபோனது.

லாகூரிலும் தாக்கியவர்கள் அரங்கத்துக்குள் நுழையவில்லை. 2009 மார்ச் 3 காலை, டெஸ்ட் ஆட்டத்தின் மூன்றாம் நாளுக்காகக் கடாஃபி அரங்கத்துக்குச் சென்ற இலங்கை அணியின் பேருந்தை லிபர்ட்டி சந்திப்பில் மறித்துச் சுட்டார்கள். 6 காவலர்கள் உட்பட 8 பேர் இறந்தனர். ஓட்டுநர் மெஹர் முகமது கலீல் வண்டியை நிறுத்தாமல் அரங்கத்துக்குள் கொண்டுசேர்த்ததால் வீரர்கள் பிழைத்தார்கள். பின்னால் வந்த நடுவர்களின் வாகனம் தெருவிலேயே சிக்கிக்கொண்டது. நான்காவது நடுவர் அசன் ராசா படுகாயமடைந்தார். கராச்சியில் 231 ரன்னும் லாகூரில் 214 ரன்னும் அடுத்தடுத்து எடுத்து, தன் ஆட்ட வாழ்வின் உச்சத்தில் நின்ற திலான் சமரவீர தொடையில் குண்டுக் காயத்துடன் வெளியேறினார். இலங்கையின் 606 ரன்னுக்குப் பதிலாக பாகிஸ்தான் 1 விக்கெட்டுக்கு 110 எடுத்திருந்தது. அந்த இன்னிங்ஸ் அங்கேயே நிற்கிறது. பதிவேடுகள் அதை வெற்றி தோல்வியற்ற ஆட்டம் என்கின்றன. முடிவு காணாத ஆட்டத்தையும் முடிக்கவிடாத ஆட்டத்தையும் ஒரே பத்தியில் எழுதும் இந்த வழக்கம் எனக்கு ஏற்புடையதாக இல்லை.

இலங்கை அணி ஏன் அங்கே போனது? 2008 நவம்பர் மும்பைத் தாக்குதலுக்குப் பிறகு இந்தியா தன் பயணத்தைக் கைவிட, அந்த இடத்தை நிரப்பப் போனது. அதற்குப் பின்னால் ஒரு பழைய நன்றிக்கடனும் உண்டு. 1996 ஜனவரி 31 அன்று கொழும்பில் மத்திய வங்கி மீது விடுதலைப் புலிகள் நடத்திய தாக்குதலுக்குப் பின், உலகக் கோப்பை ஆட்டங்களுக்காகக் கொழும்பு வர ஆஸ்திரேலியாவும் மேற்கிந்தியத் தீவுகளும் மறுத்தன. அப்போது இந்தியாவும் பாகிஸ்தானும் ஒரே அணியாகச் சேர்ந்து பிப்ரவரி 13 அன்று கொழும்பில் இறங்கி இலங்கையுடன் ஆடின. டெண்டுல்கரும் வாசிம் அக்ரமும் ஒரே பக்கம் நின்றார்கள். அடுத்த மாதம் இலங்கை உலகக் கோப்பையை வென்றது இதே கடாஃபி அரங்கத்தில்தான், அதுவும் ஆஸ்திரேலியாவைத் தோற்கடித்து. 2009 தாக்குதல் வீரர்களின் உடலோடு இந்த உறவையும் சேர்த்தே காயப்படுத்தியது.

அதன்பின் பாகிஸ்தான் அணி வெளியூரிலேயே வாழ்ந்தது. 2011 உலகக் கோப்பையில் அந்நாட்டுக்கு ஒதுக்கியிருந்த ஆட்டங்கள் பறிபோயின. துபாய், அபுதாபி, ஷார்ஜா அரங்கங்கள் பெயரளவுக்குச் சொந்த மண்ணாயின. மிஸ்பா உல் ஹக் 56 டெஸ்டுகளில் தலைமை ஏற்றார். ஒன்றுகூடப் பாகிஸ்தானில் நடக்கவில்லை. 2016-இல் அவருடைய அணி தரவரிசையில் முதலிடம் பெற்றதற்கான செங்கோல் லாகூரில் வழங்கப்பட்டது. அந்த இடத்தைப் பெற்றுத்தந்த ஆட்டங்களில் ஒன்றைக்கூட லாகூர் நேரில் கண்டிருக்கவில்லை. யாசிர் ஷா 33 டெஸ்டுகளில் 200 விக்கெட் எடுத்து உலகச் சாதனை படைத்தபோதும் அவற்றில் ஒன்றும் தாய்மண்ணில் விழவில்லை. டெஸ்ட் ஆட்டம் நாட்டுக்குத் திரும்பியது 2019 டிசம்பரில், ராவல்பிண்டிக்கு. லாகூருக்குத் திரும்பியது 2022 மார்ச்சில். 2009-இல் பத்து வயதாயிருந்த லாகூர்ச் சிறுவன் தன் ஊரில் அடுத்த டெஸ்டைப் பார்க்க இருபத்து மூன்று வயதுவரை காத்திருக்க வேண்டியிருந்தது. தொலைக்காட்சி அவனுக்கு ஆட்டத்தைக் காட்டியிருக்கும். ஆனால் எல்லைக்கோட்டருகே நிற்கும் வீரனைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதும், பக்கத்து இருக்கைக்காரரோடு வாதாடுவதும், எதிரணி வீரனின் சதத்துக்கு எழுந்து கைதட்டப் பழகுவதும் அரங்கத்தில் மட்டுமே வாய்ப்பவை. ரசனை ஒரு தலைமுறையிலிருந்து இன்னொன்றுக்கு இப்படித்தான் கைமாறுகிறது.

அச்சத்துக்குப் பணியாமல் ஆடுவதே சரியான பதில் என்பார்கள். அதற்கு வலுவான சான்று சென்னையில் இருக்கிறது. அதே மும்பைத் தாக்குதலுக்குப் பின் நாடு திரும்பிய இங்கிலாந்து அணி அடுத்த மாதமே மீண்டும் வந்தது. டெஸ்ட் சேப்பாக்கத்துக்கு மாற்றப்பட்டது. 387 ரன் இலக்கை நோக்கி சேவாக் 68 பந்துகளில் 83 எடுத்தார். டெண்டுல்கர் ஆட்டமிழக்காமல் 103 எடுத்து வெற்றி தேடித்தந்தார், அந்தச் சதத்தை மும்பை மக்களுக்கு அர்ப்பணித்தார். துயரத்திலிருந்த ஒரு நாட்டால் அந்த மாலையில் மனம் விட்டு மகிழ முடிந்தது. அதை நான் குறைத்து மதிப்பிடவில்லை. என்றாலும், 'வந்து ஆடு' என்று இன்னொருவரின் உயிரைப் பணயம் வைத்துச் சொல்லும் உரிமை ரசிகனுக்குக் கிடையாது. 2019-இல் பாகிஸ்தான் செல்ல மறுத்த 10 இலங்கை வீரர்களைக் கோழைகள் என்பது அநியாயம்.

ஆகவே மறுக்கும் உரிமையை நான் எதிர்க்கவில்லை. அந்த உரிமை எங்கே, எப்படிச் செலுத்தப்படுகிறது என்பதையே கேள்வி கேட்கிறேன். 2005 ஜூலை 7 காலை லண்டனில் குண்டுகள் வெடித்தன. அன்றே லீட்ஸில் இங்கிலாந்து – ஆஸ்திரேலியா ஒருநாள் ஆட்டம் நடந்தது, பின்னர் ஆஷஸ் தொடரும் நடந்தது. 2017 ஜூன் 3 அன்று லண்டன் பாலத்தில் தாக்குதல் நடந்தது. சாம்பியன்ஸ் கோப்பை நிற்கவில்லை. இரண்டு முடிவுகளும் சரியானவை என்றே கருதுகிறேன். ஆனால் 2021 செப்டம்பர் 17 அன்று ராவல்பிண்டியில் ஆட்டம் தொடங்கும் முன் நியூசிலாந்து அணி அச்சுறுத்தல் எனச் சொல்லி விலகியது. அதன் விவரம் தமக்குத் தரப்படவில்லை என்றது பாகிஸ்தான் வாரியம். சில நாட்களில் இங்கிலாந்தும் வரவில்லை என அறிவித்தது. லண்டனும் ராவல்பிண்டியும் ஒரே அளவு பாதுகாப்பானவை என்று வாதிடத் தேவையில்லை. ஆனால் ஒரு நகரில் ஆபத்து நேர்ந்தால் 'தொடர்வோம்' என்பதும், இன்னொரு நகரில் ஆபத்து வரலாம் என்றாலே காரணம் காட்டாமல் கிளம்புவதும் ஒரே அளவுகோலாகாது.

பாதுகாப்பை மதிப்பிடும் பொறுப்பு பயணம் செல்லும் வாரியத்திடம் மட்டும் இருக்கக்கூடாது. பன்னாட்டு கிரிக்கெட் பேரவை எல்லா நாடுகளுக்கும் பொதுவான, தனித்தியங்கும் ஒரு மதிப்பீட்டுக் குழுவை அமைக்க வேண்டும். விலகும் அணி தன் காரணத்தை அக்குழுவிடமாவது எழுத்தில் தர வேண்டும். ஆட்டத்தை இழந்த நாட்டுக்கு மாற்றுத் தொடர் எப்போது என்பதையும் அதே கூட்டத்தில் முடிவு செய்ய வேண்டும். 2009-இல் லாகூரில் குண்டடிபட்ட அசன் ராசா உடல் தேறி வந்து, 2021 ஜனவரியில் கராச்சியில் தன் முதல் டெஸ்ட் ஆட்டத்துக்கு நடுவராக நின்றார். அவர் காட்டிய துணிவில் ஒரு பங்கையாவது வாரியங்களிடம் கேட்பது நியாயமே.